கமா மாறாத பாலசுப்பிரமணியமும் நாலாம் நம்பர் கேங்கும்

“பிரெஞ்சுக்காரன் கமா வெச்ச எடத்துல நானும் கமா வெப்பேன். அவன் பெருமூச்சு உட்ட எடத்துல நானும் பெருமூச்சு உடுவேன். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு நானா மாத்திருக்கேன்னு யாராச்சும் காட்டட்டும், என்ற மீசைய எடுத்துப்போட்டுக் கோயமுத்தூருக்கே குடி போயர்றேன். மூலப் புத்தகம் எங்க ஊட்டு முன்னறை மேசை மேலயே கெடக்குதுங்க. எப்ப வேணாலும் வந்து ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்!”

குன்னூர் கீழ் பஜாரில் ஒரு பேக்கரி வாசலில், பதினொரு மனிதர்கள் முன்னிலையிலும் ஒரு தட்டு வர்க்கியின் முன்னிலையிலும், திரு. பாலசுப்பிரமணியம் இப்படிச் சபதம் செய்தார். குன்னூர்க்காரர் ஒருவர் கோயமுத்தூர் வெயிலைத் தனக்குத் தண்டனையாக விதித்துக்கொள்வது சாதாரணப் பேச்சல்ல என்பதால், வர்க்கியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

சபதத்தைத் தூண்டிவிட்டவர் பிராங்ளின், ஓர் உறைவிடப் பள்ளியின் பிரெஞ்சு வாத்தியார். ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஆகவே அந்த இரண்டு பேருக்கும் ஆகாது. “வெந்நி வராதுன்னு சொல்றதுக்குப் பேரு பிரெஞ்சு இல்ல சார்” என்று பிராங்ளின் சொன்னதுதான் வினை.

அந்தக் குத்தலில் உண்மை இருந்தது. பாலசுப்பிரமணியம் ஊட்டியில் ஒரு ஓட்டலில் முப்பத்து மூன்று வருடம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றவர். பிரான்சிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சின்ன ரயிலில் ஏறி இறங்கியவர்கள் அவரிடம் வந்து கேட்டதெல்லாம் வெந்நீர்தான். “காலை ஏழு மணிக்கு மேல் வெந்நீர் வராது” என்பதே அவர் கற்ற முதல் பிரெஞ்சு வாக்கியம். மற்ற வாக்கியங்களை அதற்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்துக்கொண்டே போனதில், ஒரு மொழியே கைக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் அந்த வேலையில் படிந்த வழக்கம்: யார் கிளம்பினாலும் எழுந்து வாசல்வரை சென்று வழியனுப்புவார். பால்காரரைக்கூட அப்படித்தான், கேஸ் சிலிண்டர் போட வருபவர் இந்த மரியாதை தாங்காமல் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடியதுண்டு.

பதினோரு வருடத்துக்கு முன் பதினாலாம் நம்பர் அறையில் தங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர், கட்டிலுக்கடியில் மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். விருந்தினர் மறந்த பொருளை ஆறு மாதம் வைத்திருந்து, யாரும் கேட்காவிட்டால் கண்டெடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஓட்டல் விதி. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ குடைகளும், ஒரு பல்செட்டும், ஒரு டோப்பாவும் அவர் கண்ணில் பட்டன. எதையும் தொடாதவர் இந்தப் புத்தகத்தை மட்டும் ஆறு மாதமும் ஒரு நாளும் காத்திருந்து எடுத்துக்கொண்டார்.

அது ஒரு போலீஸ் துப்பறியும் நாவல். லியோன் நகரத்தில், ஏழாவது பாலத்தின் அடியில், ஒரு நகைக்கடைக்காரரின் பிணம். அவரைச் சுற்றி ஒரு கொள்ளைக் கூட்டம். கூட்டத்தைத் துரத்துகிற மொரோவால் என்ற இன்ஸ்பெக்டர். முப்பத்தெட்டு அத்தியாயம், இருநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். ஓய்வு பெற்ற மறுநாள் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். மூன்று வருடம் ஆனது. சென்னையில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்று பதில் போடவில்லை. இன்னொன்று நன்றி சொன்னது. எதற்கு என்று சொல்லவில்லை.

உலகம் கைவிட்டவர்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. ‘ஏழாவது பாலம்: கொலை, புதனும் ஞாயிறும்’ என்று ஒரு குழு தொடங்கி, அத்தியாயம் அத்தியாயமாகத் தன் குரலிலேயே படித்து அனுப்ப ஆரம்பித்தார். கமா விஷயத்தில் அவருக்கிருந்த நாணயத்தால் முதல் மூன்று அத்தியாயங்களில் அதையும் படித்தார். “மொரோவால் கதவைத் திறந்தார் கமா உள்ளே இருட்டு கமா யாரோ மூச்சு விட்டார்கள் முற்றுப்புள்ளி.” மூச்சு விட்டவரின் பெயர் முற்றுப்புள்ளி என்றே பலர் நம்பினார்கள். மனைவி சுகுணா ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், “ஏனுங்க, சாம்பார் வேணுமா கமா, ரசம் வேணுமா கேள்விக்குறி” என்று கேட்ட பிறகு அந்தப் பழக்கம் நின்றது.

குழு பெருகியது. எமரால்டு கிராமத்தில் கேரட் கழுவுகிறவர்கள் கேட்டார்கள், கூடலூர் பஸ்ஸில் கேட்டார்கள். எல்லாருக்கும் மேலாக, பாலசுப்பிரமணியத்தின் வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்கப் பரந்திருந்த மேல்பாறை எஸ்டேட்டில் கேட்டார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு, தேயிலைச் செடிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பறித்துக்கொண்டே கேட்டார்கள். மொரோவால் என்ற பெயர் வாயில் நுழையாததால் அவரை ‘முருகவேல் இன்ஸ்பெக்டர்’ ஆக்கிக்கொண்டார்கள். பாலசுப்பிரமணியத்துக்கு இது தெரிந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் விபரீதம் முருகவேலால் வரவில்லை. பாலசுப்பிரமணியமே பெருமையோடு தேர்ந்தெடுத்த ஒரு சொல்லால் வந்தது.

கொள்ளைக் கூட்டத்தின் தலைவனுக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒரு சொல் போட்டிருந்தார். அகராதி அதற்கு ‘கேங் லீடர்’ என்றது. பாலசுப்பிரமணியம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே மேல்பாறை எஸ்டேட்டில் ஒன்றாம் நம்பர் கேங், இரண்டாம் நம்பர் கேங் என்று ஆறு கேங்குகள் கூடையும் கையுமாக நகர்ந்துகொண்டிருந்தன. கேங் என்றால் இந்த மலையில் கொழுந்து பறிக்கிற கூட்டம், வேறொன்றும் கிடையாது. அதற்குத் தலைவர் யார்? சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் அன்றும் இன்றும் ஒரே சொல்லில் சொல்கிறார்கள்: கங்காணி.

“கும்பல் தலைவன்கிறது பேப்பர்க்காரன் தமிழ். கங்காணிங்கிறதுதான் நம்ம மண்ணுத் தமிழ்” என்று அவர் துள்ளிக் குதித்தார். துள்ளியதோடு நிற்கவில்லை. கூட்டம் பதுங்கும் இடம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான ‘லயம்’ ஆயிற்று. அவர்கள் காலையில் கூடித் திட்டமிடும் இடம், எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கிற ‘பெரட்டுக்களம்’ ஆயிற்று. இவ்வாறாக, லியோன் நகரத்துக் கொள்ளைக்காரர்கள் தினமும் காலை ஏழரைக்குப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க, கங்காணி ஆளெண்ணி, யாரை எங்கே கொல்ல வேண்டும் என்று பிரித்து அனுப்பலானார்.

மேல்பாறை எஸ்டேட்டில் மற்ற ஐந்து கேங்குகளுக்குத் தலைமை வகித்தவர்களுக்குச் சூப்பர்வைசர் என்று பெயர். கங்காணி என்று அழைக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: நாலாம் நம்பர் கேங்கின் ஆண்டி. எட்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர், இப்போது ஐம்பத்தேழு. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்.

இருபதாவது அத்தியாயம் வந்த வாரத்தில் ஆண்டி பாலசுப்பிரமணியத்தின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டார், குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டார், உட்காரவில்லை.

“ஐயா, என்னைய எதுக்குக் கொலகாரனாக்குறீங்க?”

“உங்களையா? அட, அது பிரான்சு கங்காணிங்க ஆண்டி.”

“பிரான்சுல தேயிலத் தோட்டம் இருக்குங்களா ஐயா?”

“இல்லீங்க.”

“பொறவு கங்காணி எப்பிடி வந்தாரு?”

பாலசுப்பிரமணியம் இலக்கியக் கொள்கை பேசத் தொடங்கினார். மூல ஆசிரியரின் நோக்கம் என்றார், நிகர்ச்சொல் என்றார். ஆண்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்கய்யா. ஆனா பொம்பளைங்க சிரிக்கிறாளுக” என்றார். பாலசுப்பிரமணியம் எழுந்து, வாசல்வரை சென்று, மிகுந்த மரியாதையோடு அவரை வழியனுப்பினார்.

சிரித்தார்கள் என்பது மிகக் குறைவான சொல். நாலாம் நம்பர் கேங்கில் இருபத்திரண்டு பெண்கள். அவர்களுக்கெல்லாம் வாயாக இருந்தவள் அன்னக்கிளி. ஆண்டி, “கைய வேகமா போடுங்க” என்றால், “சுட்டுறாதீங்க கங்காணி!” என்று கையை மேலே தூக்குவாள், பின்னால் இருபத்தொரு ஜோடிக் கைகள் தூக்கும். “அந்த மேட்டு நெரைக்குப் போங்க” என்றால், “கொழுந்து பறிக்கவா, பொணத்தப் பொதைக்கவா?” என்பாள். ஒரு நாள் படர்ந்திருந்த கொடி ஒன்றை வெட்ட அவர் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுக்க, ஒரு நிரை முழுவதும் கூடையோடு ஓடிப்போய் அடுத்த கேங்கில் நின்றுகொண்டது. மஞ்சு இறங்கிய நாட்களில் அவர் வருவது தெரியாமல் பக்கத்தில் வந்துவிட்டால் போதும், ஒரே அலறல்தான். மனிதர் கடைசியில் தன் வருகையைத் தெரிவிக்க இருமிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். இருபத்தாறாம் அத்தியாயத்தில் லியோன் கங்காணியும் இருமினார். அது தற்செயல், மூலத்திலேயே இருந்தது. யார் நம்புவார்கள்?

ஆண்டி மறுபடியும் வந்தார். சொல்லையாவது மாற்றக் கூடாதா என்றார்.

அதற்குள் பாலசுப்பிரமணியமும் மனத்துக்குள் கொஞ்சம் தேடிப் பார்த்திருந்தார். பார்த்த இடமெல்லாம் முள். மேஸ்திரி என்று போடலாம். ஆனால் இவர் வீட்டுக் குளியலறையை ரவிச்சந்திரன் மேஸ்திரி பாதி கட்டி, கதவு போடாமல் வைத்திருந்தார். அவர் கோபித்துக்கொண்டால் குடும்பம் ஆயுளுக்கும் திரைச்சீலைதான். தலைவர் என்று போட்டால், பஜாரில் தொங்கும் பிளெக்ஸ் பேனர் ஒவ்வொன்றிலும் இருப்பவர் தன்னைத்தான் சொல்கிறான் என்று ஆளனுப்புவார். தாதா? கீழ்வீட்டு நௌஷாத்தை அவர் பேரக்குழந்தைகள் கூப்பிடுவதே அப்படித்தான். அவருக்கோ ரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற எவரையும் நோகடிக்காமல் ஒரு கொலைக் கூட்டத்துக்குத் தலைவர் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டுமே தெரியும்.

“அதுவுமில்லாம, முப்பது அத்தியாயம் கங்காணின்னு படிச்சாச்சுங்க. இப்பப் போயி மாத்துனா, கேக்கறவங்க ரெண்டு கொலைகாரங்கன்னு நெனச்சுக்குவாங்க. நான் மாத்தமாட்டேங்க. ஊரறியச் சொல்லிட்டேன்.”

“கமாவையுமா மாத்தமாட்டீங்க?”

“கமாவையும்.”

“நான் கமாவ மாத்தச் சொல்லலைங்களே ஐயா” என்றார் ஆண்டி. அவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணிக்கு ஆண்டி மூன்றாம் முறையாக வந்தார். இந்த முறை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். அதுவே பாலசுப்பிரமணியத்துக்கு என்னவோபோல் இருந்தது.

“கொழுந்து கொறைஞ்சிருச்சுன்னு பேக்டரில கேட்டுட்டாக. தொரை கூப்பிட்டு விசாரிச்சாரு. திங்கக்கெழம பெரட்டுல பொம்பளைங்களக் கைதூக்கச் சொல்லுவாராம். கங்காணி வேணுமா, சுபின் வேணுமான்னு.”

சுபின் மூன்றாம் நம்பர் கேங்கின் சூப்பர்வைசர், கூடலூர் பக்கத்து மலையாளி.

“வேணாம்னு சொன்னா?”

“நாலாம் நம்பர அவருகூட சேத்துருவாக. என்னைய காட்டோரம் மேல்தொங்கலுக்குப் போடுவாக, காட்டெரும வெரட்ட.” ஆண்டி குல்லாவை மடித்தார், பிரித்தார். “எருமைக்கு நான் பயப்படலைங்கய்யா. அதுக கத கேக்காது. ஆனா இருபத்திரெண்டு பேரு... எவளுக்கு எந்த முட்டி வலிக்கும், எவள மேட்டுல ஏத்தக்கூடாது, எவ வீட்டுல சண்டைன்னா எந்த நெரையில தனியா விடணும், எல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருசம். இந்த ரெண்டு மாசமா ஒருத்தியும் என் மொகத்தப் பாத்துச் சிரிக்காம ஒரு வார்த்த பேசலைங்க.”

பாலசுப்பிரமணியம் மீசையைத் தடவினார்.

“ஒன்னு மட்டும் சொல்லுங்க. கடைசில கொல பண்ணது யாரு? கங்காணி இல்லேன்னா நான் பேசாம போயிர்றேன்.”

பாலசுப்பிரமணியம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அதில் அன்றைய ராசிபலனைப் படித்தார். பிறகு நாளைய ராசிபலனையும் படித்தார்.

“சரிங்கய்யா” என்று ஆண்டி எழுந்தார். வழியனுப்ப இவர் எழுந்திருப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டிருந்தார்.

கேத்திக் கேரட்டைத் துருவிக்கொண்டிருந்த சுகுணா சமையலறையிலிருந்தே கேட்டாள்.

“ஏனுங்க, கங்காணிதானா?”

“பக்கம் எரநூத்தி நாப்பத்தொண்ணு.”

“வேற யாராச்சும் பண்ணீருக்கக் கூடாதா?”

“சுகுணா, செத்தவன் லியோன்காரன். எழுதுனவன் பாரீஸ்காரன். நடுவுல நான் யாரு?”

“அந்த நகைக்கடைக்காரரு நெசமாலுமே செத்தாருங்களா?”

“அடடா, அது கதை.”

“ஆண்டி கதை இல்லீங்களே” என்றாள் சுகுணா. கேரட் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு அத்தியாயம் படிக்க அவருக்கு இருபது நிமிடம் போதும். அன்று மாலை நாலு வரை கதவு திறக்கவில்லை. நடுவில் காபி கொண்டுபோன சுகுணாவிடம், கதவை ஒரு சாண் திறந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, “இந்தப் பிரெஞ்சுக்காரனோட கடைசி அத்தியாயம் இருக்குதே, படா கஷ்டம்” என்று வியர்வையைத் துடைத்தார். குன்னூரில், ஜனவரி மாதத்தில், வியர்வை.

ஞாயிறு காலை முப்பத்தெட்டாம் அத்தியாயம் வந்தது. எல்லாக் கதாபாத்திரங்களையும் மொரோவால் ஒரு ஓட்டல் முகப்பறையில் உட்கார வைக்கிறார். நேராகக் கங்காணியின் முன்னால் போய் நிற்கிறார். லயத்து வாசல்களில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலாம் நம்பர் கேங் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாலசுப்பிரமணியத்தின் குரல் தொடர்ந்தது:

“கங்காணி அவர்களே, நீங்கள் திருடர். ஆனால் கொலைகாரர் அல்லர். உங்கள் கேங்கில் யாருக்கு எந்த முட்டி வலிக்கும், யாரை மேட்டில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அறிந்தவர் நீங்கள். அப்படிப்பட்டவரால் பாலத்திலிருந்து ஒரு மனிதனைத் தள்ளிவிட முடியாது. கொலைகாரன் இதோ!”

மொரோவால் விரலை நீட்டுகிறார். விரல் நின்ற இடத்தில் இருந்தவர், வரவேற்பு மேசைக்குப் பின்னால் முப்பத்து மூன்று வருடமாகச் சாவிக்கொத்தோடு நிற்கிற, மீசை வைத்த முதியவர். விருந்தினர்களிடம் வெந்நீர் வராது என்று பொய் சொல்லிச் சொல்லி, பொய்யில் தேர்ந்து, கடைசியில் கொலையில் இறங்கியவர். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் காலில் போட்டிருந்த மாவுக்கட்டு வெறும் வேஷம். மாட்டிக்கொண்டபோது அவர் மீசையை மழித்துக்கொண்டு, வெயில் கொளுத்தும் ஒரு சமவெளி நகரத்துக்குத் தப்பி ஓடத் தயாராக இருந்தார்.

திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் துரை, அதாவது சென்னையில் படித்துவிட்டு வந்து ஒன்றரை வருடமான மேனேஜர், கையைத் தூக்கச் சொன்னார். முதலில் அன்னக்கிளி வாயைத் தூக்கினாள்.

“கங்காணியே இருக்கட்டுங்க தொரை. இன்ஸ்பெக்டரே உட்டுட்டாரு, நாம யாரு புடிக்கறதுக்கு?”

“எந்த இன்ஸ்பெக்டர்?” என்றார் மேனேஜர், கலவரத்தோடு.

“முருகவேலுங்க.”

மேனேஜர் இதைக் குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு கைகள் எழும்பின. சுபினிடம் கேட்டபோது, “எனிக்கு கொழப்பமில்ல சாரே. இருக்கற பதினெட்டு பேரு மதி, இவங்க வேண்டாம்” என்று பெருமூச்சோடு கும்பிட்டார்.

“எனக்கு அப்பவே தெரியும்டி” என்று அன்னக்கிளி நிரையில் நின்றுகொண்டு சொன்னது அன்று முழுக்கச் சரிவில் கேட்டது. “காலுல கட்டுப் போட்டுட்டு, மீசைய முறுக்கிட்டு, வாங்க வாங்கன்னு சொல்றவன நம்பவே கூடாது.”

அதன் பிறகு சிரிப்பு இடம் மாறியது. பாலசுப்பிரமணியம் பால் வாங்கப் போனால், “சார், ரூமு இருக்குதுங்களா? உசுரோட திரும்பி வருவமா?” என்றார்கள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ரவிச்சந்திரன் மேஸ்திரி குளியலறைக்குக் கதவு மாட்ட வந்தவர், “வெந்நி பைப்பு வெக்கலாங்களா, இல்ல வழக்கம்போல பொய் சொல்லீர்றீங்களா?” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உச்சமாக, செவ்வாயன்று வீட்டுக்குக் கீழே உள்ள பாதையில் கேங்கோடு போன ஆண்டி நின்று, நிமிர்ந்து, இருமாமல், “ஐயா! வெந்நி வருதுங்களா?” என்று குரல் கொடுத்தார். இருபத்திரண்டு பெண்களும் கங்காணியோடு சேர்ந்து சிரித்தார்கள். பாலசுப்பிரமணியம் மிகுந்த எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தினார். “மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் நன்றி...” என்று தொடங்கியவர், சுகுணா திரும்பிப் பார்த்ததும், “கமா” என்று முடித்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் பிராங்ளின் வந்தார். துப்பறியும் நாவல் படிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று இத்தனை நாள் சொல்லிவந்தவர், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தெட்டு அத்தியாயமும் ஒட்டுக்கேட்டிருந்தார்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம். பன்னெண்டாவது அத்தியாயத்துல டாக்டரே எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறார். எலும்பு ரெண்டா ஒடஞ்சிருக்குன்னு நீங்கதான் படிச்சீங்க. அப்புறம் எப்படி அந்த மாவுக்கட்டு வேஷமாகும்? பிரெஞ்சுக்காரன் இப்படி எழுதமாட்டான்.”

“எழுதீருக்கானுங்களே.”

“ஒரிஜினல் குடுங்க, பாத்துர்றேன். மேசை மேலயே கெடக்கும்னு சொன்னீங்க.”

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். மேசைமேல் பூத்தையல் போட்ட விரிப்பு இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது, நேற்றைய பேப்பர் இருந்தது. மஞ்சள் அட்டை எதுவும் இல்லை.

“அதுங்களா? சொந்தக்காரரு வந்து வாங்கீட்டுப் போயிட்டாரு” என்றார் பாலசுப்பிரமணியம்.

“யாரு?”

“பதினாலாம் நம்பர் ரூம்காரரு. பிரெஞ்சுக்காரரு.”

“பதினோரு வருஷம் கழிச்சா?”

“மறதிக்காரருங்க. முந்தாநேத்துத்தான் ஞாபகம் வந்திருக்கு.”

பிராங்ளின் சுகுணாவைப் பார்த்தார். கேரட் அல்வாத் தட்டை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்த சுகுணா நிமிரவில்லை.

“ஆமாங்க. நல்ல மனுசன். வந்ததும் வெந்நிதான் கேட்டாரு.”

பிராங்ளின் அல்வாவைத் தின்றார். பாலசுப்பிரமணியத்தின் மீசையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். அது அதன் இடத்திலேயே இருந்தது. கோயமுத்தூருக்கு எப்போது குடி போகிறீர்கள் என்று கேட்கலாமா என யோசித்துவிட்டு, அல்வா நன்றாக இருந்ததால் கேட்காமல் எழுந்தார்.

முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தில், பால்காரருக்கும் எழுந்து நிற்கிற பாலசுப்பிரமணியம், அன்று பிரெஞ்சு வாத்தியாரை வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. “வாங்க, போயிட்டு வாங்க” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். நாற்காலியில் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை உயரமாகத் தெரிந்தார். மெத்தைக்கு அடியிலிருந்து மஞ்சள் அட்டையின் முனை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. கும்பிட்ட கையை மெதுவாக இறக்கி, போர்த்தியிருந்த சால்வையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.